காட்டுதலும் உடன் காணுதலும்

பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளைக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களையும் மாலை வேளையில் தனியே இருந்து சொல்லிக்கொடுப்பதற்கு ஒருவரை அமர்த்திக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பாடத்துக்கு 100 மதிப்பெண், தேறுவதற்கு 35, ஆக மொத்தம் 500 என்னும் கணக்கிலேயே பெற்றோருடைய கவனம் முழுதும் நிலைத்துவிடுவதால், அவ்வாறு வந்து அமரும் தனியாசிரியர் உண்மையில் என்ன காரியம் செய்கிறார் என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர். பள்ளிக்கூடத்தில் ஐந்து ஆசிரியர்கள் நாற்பது பிள்ளைகளுக்குச் செய்வதை இவர் ஒருவரே ஒரு பிள்ளைக்குச் செய்கிறார் என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒருவர் அறிந்ததை மற்றொருவர் அறியும்படி செய்வது எங்ஙனம் கூடும், அறிவு வெளியிலிருந்து உள்ளே புகுவதா அல்லது உள்ளேயே கிடந்து விளங்குவதா, நடுவில் நிற்கும் ஆசிரியன் அதற்குக் காரணனா அல்லது வெறும் சாட்சியா என்னும் கேள்விகள் சமய நூலாரையும் தத்துவ ஞானிகளையும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சிந்திக்க வைத்தவை. இருவர் மட்டுமே எதிரெதிரே அமர்ந்திருக்கும் அந்த மாலை வேளையில் அக்கேள்விகள் வேறெங்கும் காணாத தெளிவோடு எழுந்து நிற்கின்றன. ஏனெனில் நாற்பது பேர் நடுவே ஒருவனுடைய விளங்காமை எளிதில் ஒளிந்துகொள்ளும், இருவர் மட்டும் இருக்குமிடத்தில் அதற்கு ஒதுங்க இடமில்லை.

கிரேக்க ஞானியான பிளேட்டோ 'மேனோ' என்ற உரையாடலில் இதற்கு ஒரு விடை கூறினார். சாக்ரட்டீஸ், மேனோவின் ஏவலரில் ஒருவனான கல்லாத சிறுவனை அழைத்து, இரண்டு அடிப் பக்கமும் நான்கு சதுர அடிப் பரப்பும் உள்ள ஒரு சதுரத்தை வரைந்து காட்டி, இதற்கு இரு மடங்கு பரப்புள்ள சதுரம் அமைய வேண்டுமானால் பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வினவுகிறார். பக்கத்தையும் இரு மடங்காக்கினால் போதும் என்கிறான் சிறுவன். வரைந்து பார்த்தால் பரப்பு பதினாறாகிவிடுகிறது. மூன்று அடி என்று மாற்றிச் சொல்கிறான், ஒன்பது வருகிறது. இனி எனக்குத் தெரியாது என்று அவன் திகைத்து நிற்கும் தறுவாயில், சாக்ரட்டீஸ் அருகிலிருந்த மேனோவை நோக்கி, தெரிந்ததாக எண்ணியிருந்த முன்னை நிலையைவிட இந்தத் திகைப்பு நிலை இவனுக்கு நல்லது என்கிறார். பிறகு மூலைவிட்டத்தை வரைகிறார். அதன் மேல் எழும் சதுரமே எட்டுச் சதுர அடிப் பரப்புள்ளது என்பதைச் சிறுவன் தானே கண்டு சொல்லிவிடுகிறான். நான் ஒன்றும் போதிக்கவில்லை, கேள்வி மட்டுமே கேட்டேன், இவனுடைய ஆன்மா முற்பிறவிகளில் அறிந்திருந்ததை இப்போது நினைவுகூர்ந்தது என்பது சாக்ரட்டீஸ் காணும் முடிவு. மறுபிறவிக் கொள்கையில் வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எனினும் அப்பகுதியை ஊன்றிப் படிக்கும் எவரும், அந்த மூலைவிட்டத்தை வரைந்தவர் யார் என்று கேட்காமல் இருக்க முடியாது. சிறுவன் அதை வரையவில்லை. கண்டவன் அவனே, ஆனால் காட்டியவர் ஒருவர் இருந்தார்.

கிறிஸ்தவ சமயாசாரியருள் தலைசிறந்தவரான அகஸ்டின் 389-ஆம் ஆண்டளவில் எழுதிய 'ஆசிரியரைப் பற்றி' என்னும் நூலும் ஒரு தனிப்பாடமாகவே அமைந்திருக்கிறது. அதில் அவரோடு உரையாடுபவன் அவருடைய சொந்த மகன் அதெயோதாத்துஸ். வயது பதினாறு, அதாவது நம் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பிராயம். சொற்கள் வெறும் அடையாளங்களே. பொருளை முன்பே அறியாதவனுக்கு அவை ஒன்றும் உணர்த்துவதில்லை. அறிந்தவனுக்கோ நினைவூட்டல் மட்டுமே செய்கின்றன. ஆகவே மனித ஆசிரியன் எதையும் கற்பிப்பதில்லை, உள்ளே வீற்றிருக்கும் மெய்ப்பொருளாகிய கிறிஸ்துவே ஆசிரியன் என்று தந்தை நிலைநாட்டுகிறார். அந்நூலில் தன் மகன் பேசுவதாக உள்ள கருத்துகள் யாவும் அவனுடையவையே என்று அகஸ்டின் தம் சுயசரிதையில் சாட்சி சொல்கிறார். இளமையிலேயே மாண்டுபோன அந்தப் பிள்ளையின் கூர்மையை நினைத்து வியக்கும் தகப்பனின் குரல் அவ்விடத்தில் கேட்கிறது. மனித ஆசிரியன் ஒன்றுமே கற்பிப்பதில்லை என்று ஒரு மகனுக்கு இவ்வளவு அன்போடும் பொறுமையோடும் கற்பித்த தகப்பனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இவ்விருவர் விடையிலும் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. ஆயினும் அவை இரண்டும் ஆசிரியனுடைய பங்கை மிகச் சிறியதாக்கிவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம். அறிவு உள்ளேயே கிடக்குமாயின், பிள்ளை தனியே அமர்ந்து யோசித்தால் அது விளங்கிவிட வேண்டுமே, விளங்காதது ஏன்? இதற்குச் சைவ சித்தாந்தம் கூறும் காரணம் வேறு எந்தத் தத்துவத்திலும் நான் காணாத நுட்பமுடையது. பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தைப் புற இருளோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை காட்டுகிறார். புற இருள் பொருள்களையெல்லாம் மறைத்தாலும், இதோ இருள் இருக்கிறது என்று தன்னை மட்டும் காட்டிவிடுகிறது; ஆகையால் இருட்டறையில் நிற்பவன் விளக்கைத் தேடுகிறான். ஆணவமோ பொருளையும் மறைத்து, மறைக்கின்ற தன்னையும் மறைத்துக்கொள்கிறது. ஆகையால் அதனுள் கிடப்பவனுக்கு விளக்கு வேண்டுமென்ற எண்ணமே தோன்றுவதில்லை. ஆன்மாவின் அநாதியான பந்தத்தைக் குறித்துச் சொன்ன இது, ஒரு சிறு பிள்ளையின் கணக்கு நோட்டுக்கும் அவ்வளவு பொருந்துகிறது. தனக்கு இன்னது தெரியவில்லை என்று தெரிந்த பிள்ளை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோ, பக்கத்திலிருப்பவனைக் கேட்டோ தேறிவிடுவான். தன் விளங்காமை தனக்கே தெரியாதவனுக்குத்தான் எதிரே ஒருவர் இருந்தாக வேண்டியிருக்கிறது.

எதிரே இருப்பவர் செய்ய வேண்டுவது யாது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் ஆனது. அவற்றுள் பதினோராவது, கண்ணுக்கும் உயிருக்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக்காட்டி, உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்குகிறது. கண்ணுக்குக் காணும் சக்தி உண்டு. ஆனாலும் உயிர் உள்நின்று செலுத்தாவிடில் கண் விழித்திருந்தும் ஒன்றையும் காணாது. உயிர் கண்ணுக்குப் பொருளைக் காட்டுவதோடு நில்லாமல், அந்தக் கண்ணோடு கூடித் தானும் காண்கிறது. அவ்வாறே இறைவன் உயிருக்குக் காட்டுகிறான். காட்டிவிட்டு அப்பால் நில்லாமல், உயிரோடு உடனாகி நின்று தானும் காண்கிறான். உரையாசிரியர்கள் இவ்விரண்டையும் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று பிரித்துப் பேசுவர். இரண்டாவது உபகாரத்தின் அருமையைச் சூரியனோடு வைத்து எண்ணினால் நன்கு உணரலாம். சூரியனும் கண்ணுக்குப் பொருளைக் காட்டுகிறது; ஆனால் அது வெளியே நின்று ஒளி வீசுவதோடு சரி, எந்தக் கண் எதைக் கண்டது, எது காணாமல் விட்டது என்பது அதற்குத் தெரியாது.

நூலும் பிரசங்கமும் வகுப்பறையில் பலருக்கும் பொதுவாகச் சொல்லும் பாடமும் சூரியனுடைய உபகாரத்தைச் செய்கின்றன. அது சிறிய உபகாரம் என்று சொல்லத் துணிய மாட்டேன். ஒரே வேளையில் ஆயிரம் கண்களுக்கு ஒளி தருவது வேறெதனாலும் ஆகாது. தனித்திருந்து கற்பிப்பவர் அதையே ஒருவனுக்கு மட்டும் செய்வாராகில், பகலில் ஏற்றிய விளக்காகப் பயனற்றுப் போவார். அவருக்கென்று உரிய காரியம் இரண்டாவது உபகாரத்தில் இருக்கிறது. பிள்ளையின் கண்ணோடு கூடி அவன் காண்பதைத் தாமும் காண வேண்டும். அவன் பிழையாகக் காண்பதையும் அவன் நிற்கும் இடத்திலிருந்தே அப்படியே காண வேண்டும். மனிதனை இறைவனோடு ஒப்பிடுவது அபசாரமாகுமோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு. இறைவனே குருவடிவாய் எழுந்தருளி, வேடர் நடுவே வளர்ந்து தன்னை மறந்த அரசிளங்குமரனைப் போன்ற உயிருக்கு அதன் நிலையை உணர்த்துகிறான் என்று சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் கூறுவது ஞானகுருவைக் குறித்தே. இயற்கணிதம் சொல்லிக்கொடுப்பவரைக் குறித்ததன்று. ஆகவே அங்கிருந்து முறையை மட்டும் கடன் கேட்கிறேன், பதவியைக் கேட்கவில்லை.

இம்முறை நடைமுறையில் எவ்வாறு இருக்கும் என்பதை விளக்க, நான் பாடம் சொன்ன ஒரு மாணவனுடைய நோட்டுப் புத்தகங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவன் சமூக அறிவியல் தாளில், கி.மு. 261-இல் கலிங்கப் போர் புரிந்த அசோகனை முன்னும், கி.மு. 321 அளவில் அரியணை ஏறிய சந்திரகுப்த மௌரியனைப் பின்னுமாக வரிசைப்படுத்தியிருந்தான். கணிதத்தில், மூன்றுக்கு முன் கழித்தல் குறி இட்ட எண்ணைவிட ஐந்துக்கு முன் கழித்தல் குறி இட்ட எண் பெரியது என்று எழுதியிருந்தான். இயற்பியலில், குழி லென்சின் குவியத் தொலைவுக்கு எதிர்க்குறி இட வேண்டிய இடத்தில் அதை விட்டுவிட்டு, 15 சென்டிமீட்டர் என்று வெறும் எண்ணாகவே எடுத்துக் கணக்கைச் செய்து முடித்திருந்தான். வேதியியலில், பி.எச். மதிப்பு 2 உள்ள கரைசலைவிட 5 உள்ள கரைசலே அமிலத்தன்மை மிக்கது என்றான். நான்கு இடத்திலும் சிவப்பு மை விழுந்திருந்தது. ஓர் ஆசிரியர் கவனமின்மை என்றும், ஒருவர் அவசரம் என்றும், ஒருவர் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அவர்களில் எவரையும் நான் குறைகூற மாட்டேன். ஒவ்வொருவர் கண்ணுக்கும் அந்தப் பிள்ளையின் ஐந்தில் ஒரு பங்கே தெரிந்தது. அந்தப் பங்கில் அந்தப் பிழை சிறிய பிழையே.

நான்கு நோட்டுகளும் ஒரே மாலையில் ஒரே மேசை மேல் விரிந்தபோது வேறொன்று தெரிந்தது. "அசோகனை ஏன் முதலில் எழுதினாய்? எப்படி யோசித்தாய் என்று மட்டும் சொல், சரியா தப்பா என்பது அப்புறம்" என்று கேட்டேன். அவன் தயங்காமல், "261 சின்னது, 321 பெரிசு சார். சின்ன நம்பர்தானே முன்னாடி வரும்?" என்றான். அந்த விடையில் கவனமின்மை எங்கே இருக்கிறது? அவசரம் எங்கே இருக்கிறது? அப்பழுக்கற்ற தர்க்கம் ஒன்று அதில் நின்றது; சிறு வயதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக் கற்ற நாள் முதல் அவனை ஒருபோதும் கைவிடாத தர்க்கம். பூஜ்யத்துக்கு அப்பால் எண்கள் இடப்புறமாகவும் நீண்டு செல்கின்றன என்பது ஏதோ ஒரு வகுப்பில் அவன் செவியில் விழுந்து, உள்ளத்தில் இறங்காமல் போயிருந்தது. கழித்தல் குறி அவனுக்கு எண்ணுக்கு முன்னால் போடும் ஓர் அலங்காரக் கோடு, கி.மு. என்பதும் அவ்வாறே இரண்டு எழுத்து. பி.எச். மதிப்பு இறங்க இறங்க அமிலத்தன்மை ஏறும் என்பது அந்தத் தர்க்கத்துக்கு நேர் விரோதமானது. நான்கு பாடங்களில் நான்கு பெயரோடு உலவிய குறை ஒன்றே.

அவன் நிற்கும் இடத்தில் நானும் நின்று பார்த்தால், அசோகன் சந்திரகுப்தனுக்கு முன்னவனாகத்தான் தெரிகிறான். அதை அவ்வாறே கண்ட பிறகுதான் காட்ட வேண்டியது எது என்பதும் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் நான் எதைக் காட்டியிருந்தாலும் அது மற்றொரு சிவப்பு மையாகவே முடிந்திருக்கும். ஒரு நீண்ட கோடு வரைந்து, நடுவே பூஜ்யம் இட்டு, அதன் இடப்பக்கம் 261-ஐயும் 321-ஐயும் அவனையே குறிக்கச் சொன்னேன். சந்திரகுப்தன் அசோகனுக்கு என்ன உறவு என்று கேட்டேன். "தாத்தா" என்றான். பிறகு நான் பேசவில்லை. அவன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், அப்போ இந்தப் பக்கம் போகப் போகப் பழசு" என்றவன், நான் சொல்லாமலே கணித நோட்டைத் திறந்து, தான் எழுதியிருந்த விடையை அடித்துத் திருத்தினான். சற்று நேரம் கழித்து, "லென்சுல மைனஸ் போடறதும் இதே கோடுதானா?" என்று கேட்டான். ஒளி செல்லும் திசைக்கு எதிராக அளக்கும் தூரத்துக்கு எதிர்க்குறி என்பதை அவன் பல முறை மனப்பாடம் செய்து ஒப்பித்தவன். அதன் பொருளை அன்று கண்டான். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, அவன் கேட்டான். கோட்டை நான் வரைந்தேன் என்பதும், லென்சுக்கு அதை எடுத்துச் சென்றவன் அவன் என்பதும் சாக்ரட்டீஸ் கண்ட முடிவையும் மெய்கண்டார் கண்ட முடிவையும் ஒருங்கே எனக்கு நினைவூட்டின. உள்ளே சக்தி இல்லாதிருந்தால் அவன் கண்டிருக்க மாட்டான். உடன் காண ஒருவர் இல்லாதிருந்தால் அந்தச் சக்தி இன்னும் பல ஆண்டுகள் கோணிய வழியிலேயே சென்றிருக்கும்.

பல பாடங்களையும் ஒருவரே கற்பிப்பதை, பணத்தை மிச்சப்படுத்தும் ஓர் ஏற்பாடாகவும் ஆழம் குறைந்த போதனையாகவும் கருதுவோர் உண்டு. அந்தந்தப் பாடத்தில் மேற்படிப்புப் படித்தவருடைய ஞானம் இவருக்கு இராது என்பது மெய்யே. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட நிலையில் அது பெருங்குறையாகவும் ஆகலாம். ஆனால் பள்ளிப் பருவத்தில் பாடங்கள் ஐந்தாக இருப்பினும் கற்கும் உயிர் ஒன்று என்பதை அறியும் வாய்ப்பு இவருக்கே உண்டு. சாந்தோக்கிய உபநிஷதத்தில், பன்னிரண்டு வயதில் குருகுலம் சென்று இருபத்து நான்கு வயதில் வேதங்கள் அனைத்தும் கற்றுச் செருக்கோடு திரும்பிய சுவேதகேதுவை நோக்கித் தந்தை உத்தாலகர், எதைக் கேட்டால் கேளாதவையெல்லாம் கேட்டவை ஆகுமோ அந்த உபதேசத்தைக் கேட்டாயா என்று வினவுகிறார். ஒரு மண்கட்டியை அறிந்தால் மண்ணால் ஆனவை அனைத்தும் அறியப்படுகின்றன என்று தொடங்கி, ஆலம்பழத்தைக் கொண்டுவரச் செய்து, விதையைப் பிளக்கச் செய்து, உள்ளே என்ன காண்கிறாய் என்று கேட்டுக் கேட்டு மகனைத் தம்மோடு நடத்திச் செல்கிறார். அவர் உணர்த்திய ஒன்று பிரபஞ்சத்துக்கெல்லாம் மூலமான சத்து. நான் சொல்லும் ஒன்று ஒரு பிள்ளையின் உள்ளத்தில் வளைந்து கிடக்கும் ஒரு கோடு. அளவில் இரண்டும் ஒவ்வா. ஆயினும் பலவற்றுக்கு அடியில் ஒன்றைத் தேடும் நோக்கு இரண்டுக்கும் பொது என்று எண்ணுகிறேன்.

அதே உபநிஷதத்தில் நாரதர் சனத்குமாரரிடம் வந்து உபதேசம் வேண்டுகையில், உனக்குத் தெரிந்ததையெல்லாம் முதலில் சொல், அதற்கு மேற்பட்டதை நான் சொல்கிறேன் என்று அவர் தொடங்குவது, தனித்துக் கற்பிப்போர் அனைவரும் உளங்கொள்ள வேண்டிய இடம். நாரதர் வேதம், இதிகாசம், கணிதம், நட்சத்திர சாஸ்திரம் என்று பல வித்தைகளை வரிசையாக அடுக்கி, இத்தனையும் கற்றும் துயரம் தீரவில்லை என்று முடிக்கிறார். அந்த வரிசையை இடைமறிக்காமல் முழுதும் கேட்டிருந்த பொறுமை சனத்குமாரருடைய உபதேசத்தின் முதற்பகுதி. நம் தனியாசிரியர்களில் பலர் முதல் நாளிலேயே முதல் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். பிள்ளையைப் பேசவிட்டுக் கேட்பதற்கென்று ஒரு வாரத்தை ஒதுக்கினால் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை என்று வீட்டார் நினைப்பார்களோ என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம்.

இன்னொன்றையும் உத்தாலகரிடமிருந்தே கற்கலாம். மகனைப் பதினைந்து நாள் தண்ணீர் மட்டும் அருந்தி உபவாசமிருக்கச் செய்து, பிறகு வேதத்தை ஓதச் சொல்கிறார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்கிறான். உணவு உண்டு வரச் செய்து மீண்டும் கேட்கிறார். எல்லாம் தெளிவாக வருகிறது. மனம் அன்னமயம் என்பதை இவ்வாறு நிரூபித்தார். காலையில் புறப்பட்டுச் சென்று, மாலையில் சிறப்பு வகுப்பும் முடித்து, வாடிய முகத்தோடு வந்து உட்காரும் பிள்ளைக்கு இயற்கணிதம் விளங்கவில்லையென்றால், முதலில் அவன் ஏதேனும் சாப்பிட்டானா என்று விசாரிப்பதும் தத்துவத்தோடு சேர்ந்ததே.

தனிப்பாடத்தின் பயனை அளந்து பார்த்தவர்களும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில், தனித்துக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவன் வழக்கமான வகுப்பில் கற்ற 100 பேரில் 98 பேரை மிஞ்சினான் என்று காட்டினார். பின்வந்த ஆராய்ச்சிகளில் அத்தனை பெரிய பயன் காணப்படவில்லை. அளவு எதுவாயினும், பயன் உண்டு என்பதை அவை சொல்லும். ஏன் என்பதை அறிய வேண்டுமானால், அந்த இருவர் நடுவே நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பயன் பணமுள்ளவர் வீட்டுக்கே சென்று சேர்கிறது என்பது மனத்தை உறுத்தும் விஷயம். நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்பதற்கு உரியவர் இன்னின்னார் என்று கூறுமிடத்தில், தன் மகன், ஆசிரியர் மகன், அரசன் மகன், வழிபடுவோன், சொன்னதை விரைவில் கொள்வோன் என்பவர்களோடு, பொருள் நிறையக் கொடுப்போனையும் ஒருவனாக வைத்தது. ஆகவே கூலிக்குக் கற்பித்தலை இழிவென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அதே வேளையில், ஏழை மாணவர்களுக்கு உணவும் அளித்துப் பாடமும் சொன்ன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் போன்றவரும் இந்நாட்டிலேயே வாழ்ந்தார். சவேரிநாத பிள்ளையும் குலாம் காதிறு நாவலரும் வேற்றுச் சமயத்தவராயிருந்தும் அவரிடம் பயின்றனர். அவர் அளவுக்கு எல்லாராலும் இயலாது. எனினும் ஒரு தெருவில் ஒரு வீட்டில் விளங்கிய ஒன்று அந்த வீட்டுச் சுவருக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பது அறிவின் இயல்புக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே வருகிறது.

இவ்விடத்தில் சித்தாந்த உவமை முறிந்துபோவதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இறைவன் உயிரை விட்டு ஒருபோதும் நீங்குவதில்லை. முத்தி நிலையிலும் அவனுடைய உடனிருப்பு ஒழிவதில்லை என்பது சித்தாந்தத் துணிபு. மனித ஆசிரியனோ நீங்கியே ஆக வேண்டும். தேர்வு மண்டபத்தில் பிள்ளை தனியே அமர்வான் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உடன் காண்பவர் எப்போதும் அருகில் இருந்தால், தன் கண்ணை ஊன்றிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைக்கு மெல்ல மெல்லக் குறைந்துவிடும். விடை எழுதுமுன் ஆசிரியர் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளை இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிவர். புருவம் சற்று நெரிந்தால் விடையை மாற்றிவிடுகிறார்கள். அந்நிலையில் காணும் உபகாரம் தன் எல்லையைக் கடந்து, பிள்ளைக்குப் பதிலாகத் தானே காண்பதாக மாறிவிடுகிறது, அது உபகாரமாகாது.

இதற்கு மாற்றும் நன்னூலிலேயே இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்கு உள்ளத்தில் கொண்டாலும் மாணாக்கனுக்குப் புலமை கால் பங்குதான் நிரம்பும். உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு பிறருக்குத் தான் எடுத்துச் சொல்வதால்தான் கைகூடும் என்று அந்நூல் கணக்கிடுகிறது. இக்கணக்கை வைத்துப் பார்த்தால், தனிப்பாடம் கேட்கும் பிள்ளைக்கு முதற்கால் மிகச் செவ்வையாகக் கிடைக்கிறது. இரண்டாம் கால் இல்லவே இல்லை. மூன்றாவதாகிய அரைப் பங்கைப் பற்றி யாரும் நினைப்பதும் இல்லை. ஆகவே தேர்வு நெருங்க நெருங்க இருக்கைகள் மாற வேண்டும். பிள்ளை சொல்ல, ஆசிரியர் உடன் மாணாக்கரைப் போல் ஐயம் எழுப்ப வேண்டும். அதற்கும் மேலாக, தனியாசிரியர் வைத்துக்கொள்ள வசதியில்லாத பிள்ளைகள் இருவர் மூவர் அக்கம்பக்கத்திலிருந்து வந்து அமர்ந்து, உண்மையாகவே விளங்காமல் உண்மையாகவே கேட்க வேண்டும். எண்கோட்டை அவர்களுக்கு வரைந்து காட்டும்போது, அவர்கள் நிற்கும் இடத்தில் தானும் நின்று பார்க்க வேண்டிய அவசியம் அந்தப் பிள்ளைக்கு வந்துவிடும். உடன் காணுதல் என்பது பெறுவதிலிருந்து செய்வதாக அவனிடத்தில் மாறும்.

பெற்றோரில் சிலர் இதற்கு எளிதில் இசைவதில்லை. எங்கள் பிள்ளைக்கென்று பணம் கொடுத்து ஏற்பாடு செய்த நேரத்தைப் பிறர் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்வதா என்ற அவர்கள் கவலையை நான் அலட்சியம் செய்வதில்லை. கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்களும் அவர்களில் உண்டு. அதனால்தான் பிறகு மனஸ்தாபம் நேராதபடி முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம்: "ஜனவரி மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் உங்கள் தெருப் பிள்ளைகளும் இங்கே வந்து உட்காருவார்கள் அம்மா. அவர்களுக்குப் பாடம் சொல்லப் போகிறவன் உங்கள் மகன்."